ஈரோட்டு ஜவுளிக்கடை: சேலைக்கு நாலு, ஸ்டூலுக்கு ஒண்ணு

அண்ணன் பையனுக்குத் தை மாசம் கல்யாணமுங்க. முகூர்த்த ஜவுளி எடுக்கப் பவானியிலிருந்து வேன் வெச்சு பதினாலு பேர் ஈரோடு போனோம். மணிக்கூண்டுக்குப் பக்கத்துல மூணு மாடிக் கடை. பேர் எழுத மாட்டேன், காரணம் பின்னால வருது.

சரக்குல குத்தம் சொல்ல முடியாதுங்க. கூறைப்புடவை அரக்குல 19,200 ரூபாய்க்கு எடுத்தோம். சில்க் மார்க் சீட்டு இருந்துது, முந்தானையைத் திருப்பிப் பார்த்தா உள்பக்கம் ஒரு நூல் தொங்கல. இணைச்சீர்ச் சடங்குக்கு மாப்பிள்ளையோட தங்கச்சிக்குக் கிளிப்பச்சை, அதை முடிவு பண்ணவே ஒரு மணி நேரம். எங்க நங்கையா கேட்ட வாடாமல்லிக் கலர் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல. தள்ளுபடியைச் சொன்னபடி பில்லுல கழிச்சாங்க. காப்பி, வெறும் சர்க்கரைத் தண்ணி. வேன் நிறுத்த எடமில்லாம டிரைவர்தான் பாவம், சுத்திட்டே இருந்தார்.

இனி என் விசயத்துக்கு வர்றேன். நான் பதினொரு வருசம் வேற ஊர்ல ஒரு ஜவுளிக்கடையில கவுண்டருக்குப் பின்னால நின்னவ. காலையில ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஒம்பதரை. அலமாரியில சாஞ்சா சம்பளத்துல அம்பது ரூபாய் புடிப்பாங்க. இன்னைக்கும் இடது கெண்டைக்கால்ல நரம்பு புடலங்கொடியாட்டம் சுருட்டிக்கிட்டு நிக்குது. அதனால எந்தக் கடைக்குப் போனாலும் எங்கண்ணு சேலைக்கு முன்னால கவுண்டருக்குக் கீழதான் போகும்.

2021 செப்டம்பர்ல தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்துல ஒரு திருத்த மசோதா கொண்டாந்தாருங்க. 1947ஆம் வருசத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-அ-ன்னு புதுசா ஒரு பிரிவு. கடையில வேலை செய்யற எல்லாருக்கும் உட்கார வசதி இருக்கணும், நடுவுல வாய்ப்புக் கிடைக்கறப்ப உட்கார்ந்துக்கலாம், நாள் பூராவும் நின்னுக்கிட்டே இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி. கேரளாக்காரங்க 2018லயே கொண்டாந்துட்டாங்க. இங்கயும் மசோதா நிறைவேறி, கவர்னர் ஒப்புதலும் ஆகி சட்டமாச்சு. அந்தச் செய்தியைப் படிச்சப்ப நான் தையல் மெசின்ல இருந்தேன். உட்கார்ந்து செய்யற வேலை வேணும்னுதான் தையலுக்கே வந்தேன்னு வெச்சுக்கங்க.

ரெண்டாவது மாடியில எங்களுக்குப் பட்டு காட்டுன புள்ளைக்கு இருவது வயசு இருக்கும். அவளுக்குப் பின்னால ஸ்டூல் இருந்துது, நீலக்கலர் பிளாஸ்டிக்கு. அது மேல சேலை அட்டைப்பெட்டி ஏழு. மேல்பெட்டியில தூசி படிஞ்சிருந்துது. நாங்க பதினாலு பேரும் மெத்தைச் சேர்ல உட்கார்ந்துட்டு அதை எடு, இதைப் பிரின்னோம். அவ நாலு மணி நேரம் நின்னா. எல்லாரும் காப்பி குடிக்கறப்ப, "செத்த உட்காரு கண்ணு"ன்னேன். அவ கண்ணு மேல போச்சு. "வேண்டாங்க்கா, கேமராவுல பார்த்தா கேப்பாங்க." சொல்லிட்டு செருப்பைக் கழட்டி, ஒரு பாதத்தை இன்னொரு பாதத்து மேல வெச்சு நின்னுக்கிட்டா. எங்க காலத்து வித்தை அது. அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்களோ.

கீழ மேட்சிங் பிளவுஸ் பக்கம் வந்தா வேற கதைங்க. அங்க கண்ணாடி போட்ட ஒரு அம்மா பொறுப்பு. கூட்டம் இல்லாதப்ப ரெண்டு ரெண்டு பேரா உட்காரச் சொல்றாங்க, ஆள் வந்தா அந்தப் புள்ளைக தானா எந்திரிக்குதுக. யாவாரம் ஒண்ணும் படுத்துக்கல. ரெண்டு எடத்துலயும் மொதலாளி ஒருத்தர்தான், சட்டமும் ஒண்ணுதான்.

எங்க அப்பாறு காலத்துல ஜவுளிக்கடைன்னா ஜமக்காளம் விரிச்சிருக்கும். விக்கறவர், வாங்கறவர் ரெண்டு பேரும் சம்மணம் போட்டுத்தான் வெலை பேசுவாங்க. ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில இன்னைக்கும் யாவாரி மூட்டை மேல உட்கார்ந்துதான் பேசறார். கண்ணாடிக் கவுண்டர் வந்துதுங்க, வாங்கறவங்களுக்குச் சேர் வந்துது, விக்கறவளுக்கு இருந்த ஜமக்காளமும் போச்சு.

2023 ஏப்ரல்ல பன்னண்டு மணி நேர வேலைக்கு வழி பண்ற மசோதா நிறைவேறுச்சே, ஞாபகம் இருக்குதுங்களா? தொழிற்சங்கமெல்லாம் எதிர்த்து நின்னு, மே தினத்தன்னைக்கு வாபஸ் ஆச்சு. அது ஃபேக்டரிக்கு. ஜவுளிக்கடையில நின்ன எனக்குச் சங்கம்னு ஒண்ணு இருக்கறதே அப்பத் தெரியாது.

பில் போடற எடத்துல கருத்துச் சீட்டு குடுத்தாங்க. சேலைக்கு நாலு நட்சத்திரம். ஒண்ணைக் குறைச்சது காப்பிக்கு. ஸ்டூலுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் கீழ இருக்கற அந்தம்மாவுக்காக. பட்டு காட்டுன புள்ளையோட பேர் பேட்ஜில பார்த்தேன், எழுதல. "ஸ்டூல் மேல இருக்கற பெட்டியை எறக்கி வைங்க"ன்னு மட்டும் எழுதிட்டு, எந்த மாடின்னும் போடாம விட்டேன். எந்த மாடின்னு தெரிஞ்சா அன்னைக்கு நின்னவ யாருன்னு கேமராவே சொல்லிரும். கடைப்பேரை இங்க எழுதாததும் அதுக்குத்தான்.

தீவாளி நோம்பிக்கு ஜாக்கெட் பிட்டு எடுக்க மறுபடி போவேன். கீழயே கிடைக்கும், ஆனாலும் ரெண்டாவது மாடி வரைக்கும் ஒருக்கா ஏறிப் பார்த்துட்டு வர்றேனுங்க.