லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? எனக்கு 11,800 ரூபாய் போச்சு

நேற்று இரவு தூக்கமே இல்லை. 11,800 ரூபாய்! இன்னொருத்தர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன், கடையில் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2017-இல் வாங்கியது. இன்டெல் ஐ5 பிராசஸர், ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்து வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்தது. புதுசு வாங்குவதா, இதையே தேற்றுவதா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. சரி, விசாரிப்போம் என்று ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் ஏறினேன்.

புதுசு வாங்கலாம் என்றிருக்கிறேன் என்றதும் அந்தத் தம்பி சிரித்தான். "எதுக்கு சார் ஐம்பதாயிரத்தைத் தண்டம் பண்றீங்க? பாடி கல்லு மாதிரி இருக்கு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போட்டு இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்தா அஞ்சு வருஷம் ஓடும், விண்டோஸ் 11-உம் ஏத்தித் தரேன்." அங்கேதான் விழுந்தேன். செலவு பண்ணாதீங்க என்று சொல்கிறானே, நல்ல பையன் என்று நினைத்தேன். என் கண் முன்னாலேயே பின்பக்கத்தைக் கழற்றி, ஃபேனில் இருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக் காட்டினான், அதற்குக் காசு கூடக் கேட்கவில்லை. 11,800-ஐ அப்போதே யுபிஐயில் அனுப்பிவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று எழுந்து வந்தேன்.

வாங்கி வந்த அன்று பறந்தது, பொய் சொல்லக் கூடாது. நான்காம் நாள் தானாக அணைய ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 12 ஜிபி. எட்டும் எட்டும் பன்னிரண்டாம்! என் பழைய 8-ஐ உருவிக்கொண்டு ஒரு 4-ஐச் செருகியிருக்கிறான். டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் பார்த்தால் அந்தப் 'புது' எஸ்எஸ்டி ஏற்கெனவே 19 ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கிறது, அதாவது இரவு பகலாக இரண்டு வருஷத்துக்கும் மேல். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம், எனக்குக் குறுக்கு வழியில் ஏற்றிவிட்டு வாயே திறக்கவில்லை.

போன் செய்தால் "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்." வாட்ஸப்பில் நீல டிக், பதில் இல்லை. நேரில் போனால் அதே தம்பி, முகத்தையே பார்க்காமல், "பில் இருக்கா சார்?" என்கிறான். இருந்த துண்டுச் சீட்டை நீட்டினேன். 'எஸ்டிமேட், லேப்டாப் சர்வீஸ், 11,800.' அவ்வளவுதான் எழுதியிருந்தது, எஸ்எஸ்டி என்ற வார்த்தையே இல்லை. "இதுக்கு வாரண்டி எல்லாம் வராது சார், நீங்களே வீட்ல கழட்டி மாத்தியிருக்கலாமே" என்றான். என்னைத் திருடன் என்கிறான்! பழைய ஹார்ட் டிஸ்க்கையாவது கொடு என்றால் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். அதில் வீட்டில் எல்லோருடைய ஆதார் ஸ்கேன், பாப்பாவின் முதல் பிறந்தநாள் படங்கள். 11,800 போனது கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது, இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சரி, சுருக்கமாக. கொடுக்கும் முன் ரேம், டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். பழைய பாகத்தைக் கையோடு வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். இன்னும் இருக்கிறது, இப்போது முடியவில்லை. 1915-க்கு, அதுதான் நுகர்வோர் உதவி எண், போன் போட வேண்டும், அதற்கு முன் கடை மூடுவதற்குள் இன்னொரு தடவை போய் அந்த ஓனர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று பார்க்கிறேன்.