எஷ்மேயர் மீன் கேட்டலாக்: ஒரு குட்டி மீனின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்த அனுபவம்

என் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு நாலு சிவப்பு மீன்கள் இருக்கின்றன, மீன் வளர்ப்பவர்கள் ஸ்கார்லெட் பேடிஸ் என்பார்கள். வாங்கிய கடையில் சிக்லிட் (தொட்டிகளில் பரவலாக வளர்க்கும் ஒரு பெரிய மீன் குடும்பம்) வகை என்று சொல்லி அனுப்பினார்கள். நம்ப முடியாமல்தான் எஷ்மேயர் கேட்டலாகைத் திறந்தேன். கலிஃபோர்னியா அறிவியல் அகாடமி நடத்தும் இணையத் தரவுத்தளம், இலவசம். மீன்களுக்கு வைத்த அறிவியல் பெயர்கள் செல்லாமல் போனவை உட்பட இதில் கிடைக்கும்.

ஸ்கார்லெட் பேடிஸின் அறிவியல் பெயரான டாரியோ டாரியோவில் இருந்து டாரியோ என்று தேடியதும் 1822க்குப் போய்விட்டேன். கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் இதற்கு வைத்த பெயர் லாப்ரஸ் டாரியோ. லாப்ரஸ் என்பது கடல் மீன் பேரினம்! இதன் உறவான பேடிஸ் என்ற மீனையும் அதே பேரினத்தில்தான் போட்டிருக்கிறார். பிறகு நெடுங்காலம் இவை இலைமீன்களின் குடும்பமான நாண்டிடேயில் இருந்தன, 1968இல் பார்லோ, லீம், விக்லர் மூவரும் பேடிடே என்று தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள், 2002இல் குலாண்டரும் பிரிட்ஸும் டாரியோவைத் தனிப் பேரினமாக்கியதோடு பத்துப் புதிய இனங்களையும் விவரித்தார்கள். யார் எந்த ஆண்டு எந்தப் பெயரை ஏற்றார்கள் என்பதைப் பதிவிலேயே வரிசையாகப் பார்க்கலாம், எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அதைவிடப் பிடித்தது, முதல் மாதிரி எங்கே பிடிபட்டது என்ற விவரம். டாரியோ இனங்களை எடுத்து இடங்களை வரைபடத்தில் குறித்தேன். வடகிழக்கு இந்தியா, மியான்மர் பக்கம் ஒரு கூட்டம். அப்புறம் நடுவில் ஒன்றுமே இல்லை, திடீரென்று மேற்குத் தொடர்ச்சி மலை: 2012இல் யூராப்ஸ், 2015இல் கர்நாடகத்திலிருந்து ஹுலி, 2018இல் வயநாட்டிலிருந்து நீலா. இவ்வளவு சின்ன மீன் அத்தனை தூரம் எப்படிப் போயிருக்கும்? ஒரு காலத்தில் நடுவிலும் இருந்து அழிந்துபோனதா? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்தக் கேள்விக்குக் கேட்டலாக் பதில் சொல்லாது. பெயர்களின் வரலாறு இருக்கும், பரிணாம விளக்கம் இருக்காது, அதற்கு அது காட்டும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்துத்தான் பேடிஸின் சொந்தக்காரர்கள் சிக்லிட்கள் இல்லை, நாண்டஸ் என்ற இலைமீனும் கொஞ்சம் தள்ளி நம் பனையேறிக் கெண்டையும் விராலும்தான் என்று தெரிந்துகொண்டேன். பார்க்க அச்சு அசலாக இருந்ததால் முன்பு நாண்டிடேயில் சேர்த்திருந்த தென் அமெரிக்க இலைமீன்களை டிஎன்ஏ பார்த்தபின் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

படங்களை எதிர்பார்க்காதீர்கள், அதற்கு ஃபிஷ்பேஸ் என்ற மீன் தளத்துக்குப் போங்கள். மாதிரிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் பெயர்கள் சுருக்கெழுத்தில் இருப்பதால் முதல் நாள் கொஞ்சம் திணறலாம். பழைய பெயரைப் போட்டாலும் இன்றைய பெயர் வந்துவிடும், அதனால் கையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே போட்டு ஆரம்பியுங்கள்.