பழைய பிக்கப்பை உயர்த்த ஒரு கூடுதல் பட்டை செட்: வாங்கலாமா?

முன்னால் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் லீஃப் பட்டை (அடுக்கடுக்கான வளைந்த எஃகுப் பட்டை ஸ்பிரிங்) உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் என்னுடையது. இதற்கு முழு சஸ்பென்ஷன் கிட் வாங்குவது மூக்கை விடப் பெரிய மூக்குத்தி. அதனால் பின்பக்கத்துக்குக் கூடுதல் பட்டை செட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வாங்குவதற்கு முன் வீல் ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்துப் பார்த்தேன். டயர் எந்த அளவானாலும் இந்தக் கணக்கு மாறாது. பின்பக்கம் நன்றாகவே இறங்கியிருந்தது. வருஷக்கணக்கில் லோடு இழுத்து பட்டைகளின் வளைவே போயிருந்தது. ஆக, முதல் வேலை இழந்த உயரத்தை மீட்பது.

பாடி லிஃப்ட் மலிவுதான். ஆனால் அது சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது, அவ்வளவே. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் கல்லில் இடிப்பது இடித்துக்கொண்டேதான் இருக்கும். ஸ்டியரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஹோஸ், பம்பர் இடைவெளி என்று தொட்டுக்கொண்டே போகணும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைப்பதும் சுலபம். ஆனால் தளர்ந்த பட்டையின் மேல் உயரமான பிளாக் என்றால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும்.

செட்டில் வந்தவை இரண்டு நீளப் பட்டைகள், பட்டைகளை நடுவில் கோக்கும் இரண்டு சென்டர் போல்ட். நீளப் பட்டை என்பதுதான் முக்கியம். குட்டைப் பட்டை நடுவில் மட்டும் முட்டுக்கொடுக்கும். அதன் முனை படும் இடத்தில் மேல் பட்டைக்குச் சுமை கூடும், ஓட்டமும் முரட்டுத்தனமாகும். எஃகும் வளைவும் நன்றாக இருந்தன, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது. பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் மட்டும் கொடுக்கவில்லை. இது எரிச்சல். பட்டைக் கட்டு தடிமனாகிறது, பழைய போல்ட்டின் நீளம் போதாது. போதினாலும் ஒருமுறை இறுக்கி நீண்டதைத் திரும்பப் போடக் கூடாது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைக் கட்டின் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பட்டை விசையோடு விரியும், விரலுக்கு ஆபத்து. ரப்பர் புஷ் என்றால், பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்கணும்.

முன்பக்கத்தை டார்ஷன் பார் போல்ட்டைத் திருகி, ஒரு அங்குலம் போல ஏற்றினேன். செலவு, வீல் அலைன்மென்ட் மட்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும், முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணமும் கெடும். பழைய ஷாக் அப்சார்பரும் பிரேக் ஹோஸும் சக்கரம் தொங்கும் நிலையில் இழுபடுகிறதா என்று ஜாக்கி போட்டுப் பாருங்கள். ஆக்ஸிலுக்கு அடியிலேயே இடைவெளி வேண்டுமென்றால் டயரைத்தான் மாற்றணும்: விட்டத்தில் இரண்டு அங்குலம் கூடினால் ஒரு அங்குலம் உயரும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்.

லோடு ஏற்றினால் இப்போது வண்டி பின்னால் உட்காருவதில்லை. அந்த வகையில் முழுத் திருப்தி. காலியாக ஓட்டும்போது ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போடுகிறது. லோடே ஏற்றாதவர்கள் இதை வாங்க வேண்டாம். இருக்கிற பட்டையையே கழற்றி வளைவு ஏற்றித் தரச் சொல்லுங்கள்.