கேம் ஐடியாவுக்கு ஏஐ சாட்பாட்: 5க்கு 3 ஸ்டார்

காலேஜ் கேம் ஜாம் (குறிச்ச நேரத்துக்குள்ள ஒரு கேம் செஞ்சு முடிக்கணும்), 48 மணி நேரம், கையில கேம் செய்யுற சாஃப்ட்வேர் கோடாட் எஞ்சின் இருக்கு, ஐடியாதான் சுத்தமா இல்ல. சரின்னு ஏஐ சாட்பாட்கிட்ட மொரீஷியஸ்ல நடக்குற மாதிரி 20 ஐடியா கேட்டேன், அதுல 11 டோடோ! அந்தத் தீவுப் பறவை 1600கள்லயே அழிஞ்சு போச்சு, இது விடுறதா இல்ல. "டோடோ வேணாம், ஒரே பட்டன், 2 நிமிஷ ஆட்டம்"னு கட்டிப் போட்டதுக்கு அப்புறம்தான் உருப்படியா ஒண்ணு வந்துச்சு: தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிட்டு மலைக் கோயில் படி ஏறணும், செம்புல இருக்குற பால் சிந்தக் கூடாது.

பாட்டிகிட்ட காட்டினேன். "சிந்துறது கெடக்கட்டும்டா, பால் திரியாம கொண்டு போய்ச் சேக்குறதுதான்டா விஷயம்"னாங்க. அட! வெயில்ல நின்னா திரியுற மீட்டர் கடகடன்னு ஏறும், நிழல்ல போனா மெதுவா ஏறும்னு மாத்திட்டோம், இப்ப அதுதான் கேமே. அந்த மெஷின் ஜென்மத்துக்கும் இதைச் சொல்லிருக்காது. ஆனா படி ஏறுற யோசனை அதோடதுதான், மறைக்கக் கூடாதுல்ல, கிரெடிட்ஸ்ல போட்டுட்டோம், பாட்டி பேருக்குக் கீழ. ராத்திரி 2 மணிக்கு இலவச லிமிட் தீந்து போனதுக்கு ஒரு ஸ்டார் கட், டோடோவுக்கு இன்னொண்ணு.