எக்ஸ்ரேல "நிழல்"னு சொன்னாங்க, 8,600 ரூபாய் தண்டம் அழுதேன்

கோபம் இன்னும் அடங்கல. முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு மூணு வாரமா இருமல், சாயங்காலமானா லேசா காய்ச்சல். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்ல நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். பேர் வேணாம். ரிப்போர்ட்ல வலது மேல்பக்கம் தெளிவில்லாத நிழல்னு ஒரு வரி, கீழ "கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்". அவ்வளவுதான்.

கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னைத் தனியா கூப்பிட்டு, "அண்ணா, எங்கப்பாவா இருந்தா ஒரு நாள்கூட தள்ளிப்போட மாட்டேன்"னு குரலைத் தாழ்த்திச் சொன்னுச்சு. விழுந்துட்டேன். கேன்சரோன்னு வயித்தைப் பிசையுறப்போ எவன் யோசிப்பான்? நுரையீரல் பேக்கேஜ் 8,600 ரூபாய்: சிடி ஸ்கேன், ரத்த டெஸ்ட், வீடியோல ஸ்பெஷலிஸ்ட் விளக்கம். நின்ன இடத்துலயே ஜிபே பண்ணேன்.

ஸ்பெஷலிஸ்ட் வரவே இல்ல. "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார்." அடுத்து "சர்வர் டவுன்." அப்புறம் வெறும் நீல டிக். நேர்ல போனா, "ரிப்போர்ட் கொடுத்துட்டோமே சார்." அண்ணா போய் சார் ஆயிட்டேன். சிடி ரிப்போர்ட்லயும் அதே கோரிலேஷன்தான்.

12 நாள் கழிச்சு ஜி.ஹெச். நெஞ்சக நோய்ப் பிரிவு. டாக்டரம்மா எடுத்ததுமே கேட்டாங்க, "சளி டெஸ்ட் பண்ணீங்களா?" 8,600 ரூபாய் பேக்கேஜ்ல தைராய்டு இருக்கு, வைட்டமின் டி இருக்கு. சளி இல்ல! ரெண்டு டப்பால சளி கொடுத்தோம், டிபின்னு (காசநோய்) வந்துச்சு. டெஸ்டும் இலவசம், ஆறு மாச மாத்திரையும் இலவசம். சத்தா சாப்பிட மாசம் 1,000 ரூபாய் அரசாங்கமே அக்கவுண்ட்ல போடுது.

நிழல்னா பழைய தழும்பாவும் இருக்கலாம், நிமோனியாவாவும் இருக்கலாம், மூச்சை முழுசா இழுக்காம எடுத்தாக்கூட மங்கலாத் தெரியுமாம். பழைய படத்தோட ஒப்பிட்டாத்தான் பாதி விடை. கோரிலேஷன்னா ஆளைத் தொட்டுப் பார்த்து டாக்டர் சேர்த்து முடிவு பண்ணணும்னு அர்த்தம், பேக்கேஜ் வாங்குன்னு இல்ல.

விவரமா எழுதலாம்னுதான் உக்கார்ந்தேன், நேரமில்ல. ரெண்டு வாரம் தாண்டின இருமலா, சளி டெஸ்ட் கேளுங்க. சளில ரத்தம், எடை குறையுது, மூச்சு வாங்குதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க. ஃபிலிமைக் கேட்டு வாங்குங்க, எங்களுக்குப் பேப்பர்ல பிரிண்ட் கொடுத்து ஏமாத்திட்டாங்க. 8,600 திரும்ப வராதாம், "பேக்கேஜ் யூஸ் ஆயிடுச்சு."

அந்த 12 நாளும் அப்பா இருமிக்கிட்டே பாப்பாவைத் தூக்கி வெச்சிருந்தார். இப்ப அவளை டெஸ்டுக்குக் கூட்டிட்டுக் கிளம்புறேன்.