கடைவாய்ப் பல்: பிடுங்குவதா, ரூட் கெனாலா?

ராத்திரி முழுக்கக் கிராம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, விடிந்ததும் பல் டாக்டரிடம் பலர் சொல்வது இதுதான்: "பிடுங்கிடுங்க டாக்டர்." என் அம்மாவும் அப்படித்தான் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டு வந்தார். வலி போய்விட்டது. ஆனால் சில வருடங்களில் பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்ந்தது. எதிரே தாங்கப் பல் இல்லாததால் மேல் பல்லும் இறங்கி வந்தது. இப்போது ஒரு பக்கமாகவே மெல்கிறார். அதைப் பார்த்த பிறகு, முடிந்தவரை பல்லைக் காப்பாற்றும் கட்சி நான்.

பிடுங்குவது சுலபம்தான். மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் ஒரே தடவையில் முடித்துவிடுவார்கள். செலவும் குறைவு. அப்புறம் 24 மணி நேரம் புகை, உறிஞ்சிக் குடிப்பது, வேகமாகக் கொப்பளிப்பது கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் வலி பிய்த்து எடுக்கும்.

ரூட் கெனாலுக்குப் பொறுமை வேண்டும். கெட்டுப்போன நரம்பையும் சதையையும் எடுத்து, வேருக்குள் இருக்கும் கால்வாய்களை மெல்லிய கம்பிகளால் தேய்த்து, மருந்தால் கழுவி, உள்ளே அடைப்பார்கள். கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று நான்கு கால்வாய்கள் இருக்கும். அதனால்தான் சில நேரம் இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கிறது. நன்றாக மரக்க வைத்துச் செய்தால், ஊரில் பயமுறுத்தும் அளவுக்கு வலி கிடையாது. பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: வலி நின்றதும் பல்லின் மேல் உறை போல மூடும் கேப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். குடைந்து பலவீனமான பல் முறுக்கைக் கடித்தாலே பிளந்துவிடலாம்.

செலவையும் முழுதாகக் கணக்குப் பார்க்க வேண்டும். பிடுங்கிய இடத்தை நிரப்ப பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல் என்றால், இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும். இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் டைட்டானியம் திருகு, அதன் மேல் செயற்கைப் பல். திருகு எலும்போடு ஒட்ட சில மாதங்கள் ஆகும். ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்தாலும் பெரும்பாலும் இம்ப்ளான்ட்டை விடக் குறைவாகவே வரும்.

சரி, எப்போது பிடுங்கலாம்? வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், ஈறு நோயால் பல் ரொம்ப ஆடினால், கேப் பிடிக்கும் அளவுக்குப் பல் மிஞ்சாவிட்டால், பிடுங்குவதுதான் சரி. தொல்லை தரும் ஞானப்பல்லையும் பெரும்பாலும் எடுத்துவிடலாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உண்மையில்லை. ஆனால் சர்க்கரை இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பணம்தான் தடை என்றால், பிடுங்கச் சொல்வதற்கு முன் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் காட்டிப் பாருங்கள். எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேளுங்கள்.