மலிவு டீசல் ஹீட்டரும் அதைப் பொருத்தித் தந்தவரும்: மோட்டார்ஹோம் வைத்திருப்போர் கவனத்திற்கு

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள வண்டி) வைத்துக்கொண்டு குளிர்காலத்திலும் வெளியே தங்கும் பழக்கமுள்ளவர்கள், டீசல் ஹீட்டர் பொருத்த ஆள் தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பொருத்துகூலியாக நான் கொடுத்த 280 பவுண்டு போனதைப் பற்றி எழுத வரவில்லை. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஓர் இரவு, மணமே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேர்ந்துகொண்டிருந்த வண்டிக்குள் படுத்துத் தூங்கினோம்.

எங்களுடையது ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டிய பழைய வண்டி. அதிலிருந்த கேஸ் ஹீட்டர் பழுதானபோது வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் ஆகிய ஜெர்மன் ஹீட்டர்களுக்கு விலை விசாரித்தேன். கூலியும் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. சீனத் தயாரிப்பு ஒன்று இணையத்தில் 110 பவுண்டுக்கே கிடைத்ததால் அதை வாங்கினேன். அந்த ஹீட்டர் மீது எனக்குக் குறையில்லை. சரியாகப் பொருத்தப்பட்ட பிறகு இன்றும் அதுதான் ஓடுகிறது. குறை முழுவதும் வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவதாகச் சொன்ன மனிதர் மீதுதான். மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்து, பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை.

முதல் வாரத்திலேயே ஹீட்டர் இரண்டு முறை தீப்பிடிக்காமல் நின்று, திரையில் ஈ-10 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியது. கூடவே வெள்ளைப் புகையும் வந்தது. அவரைக் கேட்டபோது, புதிதில் எல்லா ஹீட்டரும் அப்படித்தான் புகையும் என்றார். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகைவது உண்மை என்பதால் நானும் நம்பிவிட்டேன். ஒவ்வொரு நாளும் புகைந்தால் அது கோளாறு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஏவிமோர் பக்கம் போயிருந்தோம். படுக்கப் போகும்போது மூத்தவள் தலை வலிக்கிறது என்றாள்; மலைப்பாதை வளைவுகள் செய்த வேலை என்று நினைத்து ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தோம். இரவு இரண்டே முக்கால் மணிக்கு, வண்டியில் வைத்திருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று அரைத்தூக்கத்தில் கையை நீட்டியவன், திரையில் வாயுவின் அளவு 140 (பத்து லட்சத்தில் 140 பங்கு) என்று பார்த்த பிறகே எழுந்து உட்கார்ந்தேன். கதவைத் திறந்து, பிள்ளைகளைக் கம்பளியோடு பனியில் இறக்கினோம். என்னிடமிருந்த, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி எல்லோருக்கும் 98 காட்டியதால் நிம்மதியாக இருந்தேன். மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழைத்து அவர்கள் சொன்னபடி மருத்துவமனைக்குப் போன பிறகுதான், கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியது போலவே படித்துவிடும் என்று செவிலியர் விளக்கினார். இரத்தப் பரிசோதனைக்குப் பின், நல்லவேளையாக, காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். இருக்கைக்கு அடியிலிருந்த ஹீட்டரைத் தூக்கியவர் என்னை அழைத்து டார்ச் அடித்துக் காட்டினார். ஹீட்டரோடு வந்த இரும்புத் தகட்டையும் இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டையும் போடாமல், மரத்தரையில் கோணல்மாணலாக அறுத்த பெரிய ஓட்டையின் மேல் ஹீட்டர் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓட்டையின் விளிம்பு முழுவதும் விரலில் ஒட்டும் கரி. அடியில் புகைக்குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் கையாலேயே சுழன்றது. குழாயின் நுனி வண்டியின் ஓரத்தைத் தாண்டி வெளியே வராமல் தரைக்கு அடியிலேயே முடிந்திருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் ஹீட்டர் எரிவதற்குக் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய். தன் புகையையே திரும்ப உறிஞ்சும் ஹீட்டர் அரைகுறையாகத்தான் எரியும். அரைகுறையாக எரிவதிலிருந்துதான் கரியும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. அந்தப் புகை தளர்ந்த கிளாம்ப் வழியாகவும் கசிந்து, மூடாத ஓட்டை வழியாக நாங்கள் படுத்திருந்த இடத்துக்கு ஏறி வந்திருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. டீசல் பம்பை, டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாட்ட வேண்டும். இல்லையென்றால் காற்றுக் குமிழ்கள் உள்ளே தங்கிவிடும். இவர் அதைப் படுக்கைவாக்கில் பிளாஸ்டிக் கட்டுக்கயிற்றால் சட்டத்தில் கட்டியிருந்தார். டீசல் டியூப் புகைக்குழாயை உரசிக்கொண்டு போய், ஓரிடத்தில் உருகிப் பளபளத்தது. தீமூட்டும் பிளக் தொடக்கத்தில் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும் என்பதை மறந்து, விளக்குக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்தே இணைப்பு எடுத்திருந்தார். ஈ-10 வந்ததற்கு இந்த வயரும் பம்பும்தான் காரணம் என்று மெக்கானிக் சொன்னார். எல்லாவற்றையும் கழற்றிச் சரியாகப் பொருத்த அவர் 240 பவுண்டு வாங்கினார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் கொடுத்தார்.

பழைய ஆளுக்கு அந்தப் படங்களை அனுப்பினேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடுகிறேன், யாரும் குறை சொன்னதில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வரிதான். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலை தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்து தரவோ விலையைக் குறைக்கவோ கேட்கலாம். ஆனால் வழக்குக்கு முந்தைய கடிதத்தை அனுப்பக்கூட எனக்கு அவருடைய முகவரி தெரியாது. கைபேசி எண் ஒன்றுதான் இருந்தது, இப்போது அதையும் எடுப்பதில்லை. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை என்பதால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமே கேட்டிருக்கலாம். ரொக்கத்துக்கு 20 பவுண்டு தள்ளுபடி என்றபோது நான் மகிழ்ந்துபோனேன், என்ன சொல்ல.

வீட்டுக்கு வந்து மலிவாக யாராவது உங்கள் வண்டியில் ஹீட்டர் பொருத்தியிருந்தால், அடுத்த முறை அதைப் போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, புகைக்குழாயின் நுனி எங்கே முடிகிறது என்று பாருங்கள். உள்ளே ஹீட்டரின் அடித்தகட்டைச் சுற்றிக் கரி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அலாரம் வாங்கும்போது, வீட்டுக்கான இஎன் 50291-1 அல்லாமல், கேரவன்களுக்கும் படகுகளுக்குமான இஎன் 50291-2 என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். எங்களுடையது 25 பவுண்டுக்கும் குறைவு. கடையில் அதைத் திரும்ப வைத்துவிடப் போன என்னை மனைவிதான் தடுத்து வாங்க வைத்தாள்.